சவேரியார் படத்தில் தூசி படியாத வாரம்

சேசு மரி சூசை துணை

தோ பாயோ, சிங்கப்பூர்
பெரிய திங்கட்கிழமை, 16-4-84

அன்பும் மரியாதையும் நிறைந்த என் வீட்டுக்காரர் அவர்களுக்கு அந்தோனியம்மாள் பணிவோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம். இங்கே நானும் சுகம், மில்லும் சுகம். அங்கே தூத்துக்குடியில் நீங்களும் உங்கள் நெஞ்சும் தனித்தனியே எப்படி இருக்கிறீர்கள் என்று உங்கள் தங்கை ரோசம்மாவை எழுதச் சொல்லவும். நீங்கள் எழுதினால் நெஞ்சைப் பற்றி ஒரு வரியும் மில்லைப் பற்றி மூன்று பக்கமும் எழுதுகிறீர்கள். ரோசம்மா எனக்குச் சாதகமாக எதுவும் எழுதமாட்டாள்தான், ஆனால் உங்கள் இருமலை மறைக்கவும் மாட்டாள்.

முதல் காரியம், அவசரப்பட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். டாக்டர் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. "இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு அந்த மிளகாய்த் தூசியில போய் உக்காந்தீங்கன்னா நான் மருந்து எழுத வேண்டியதில்ல, நீங்க உயில் எழுதிக்கலாம்" என்றார்.  வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "மில்ல மூடிட்டு நா என்ன செய்றது, பால்கனியில நின்னு கீழ போற காரெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கவா?" என்று என்னிடம் கேட்டீர்கள்.  அதற்குப் பதிலை மறுநாள் கோயிலில் புனித அந்தோனியாரிடம் சொன்னேன்: அவர் மில்லை விட்டுப் போகக்கூடாது, தூசிதான் மில்லை விட்டுப் போகவேண்டும், அவர் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விடவேண்டும், அதற்காக விபூதிப் புதன் முதல் பாஸ்கு திருநாள் வரை இந்தத் தபசு காலம் முழுக்க வெள்ளைச் சேலைதான் கட்டுவேன், தலையில் பூ வைக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். இதை உங்களிடம் சொல்லாமல் விமானம் ஏற்றிவிட்டேன், ஏனென்றால் சொல்லியிருந்தால் நீங்கள் ஏறியிருக்க மாட்டீர்கள்.

விபூதிப் புதனன்று பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடும் வெள்ளைச் சேலையோடும் பஸ் பிடித்து நேரே தேக்காவுக்கு மில்லுக்குப் போனேன். மாணிக்கம் மிளகாய் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்லாவில் உட்கார்ந்து கணக்கைப் பிரித்ததும் நெடி தாங்காமல் எனக்குக் கண்ணில் நீர் கொட்ட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சீன அதிகாரி, மிஸ்டர் லிம் என்று பெயர், சின்ன வயது, ஃபைலும் கையுமாக வாசலில் வந்து நின்றார், தும்மி முடித்த பிறகுதான் குட் மார்னிங் சொன்னார். தெருவிலிருந்து புகார் போயிருக்கிறதாம், தூசியைக் கட்டுப்படுத்தாவிட்டால் மாதக் கடைசியில் மில்லை மூடவேண்டுமாம். "ஓனர் நேம், ஆன்ட்டி?" என்றார். என் சங்கடம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தன்று கோயிலில் வார்த்தைப்பாடு சொல்லும்போதே உங்கள் பெயர் வந்த இடத்தில் இருமிவிட்டவள் நான், சாமியார் பெரிய மனது பண்ணி அதற்கும் ஆமென் போட்டார். இந்தக் கடிதத்தைக்கூட ரோசம்மா பெயருக்குத்தான் அனுப்புகிறேன். முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வேனா? சுவரில் லைசென்ஸ் இருக்கிறது பாருங்கள் என்று கையைக் காட்டினேன், அதன் கண்ணாடிமேல் தூசி இறுகி ஓர் எழுத்தும் தெரியவில்லை. சரியென்று அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயருக்கு உரிய புனிதர் சவேரியார் படத்தைக் காட்டினேன். அவரும் மிளகாய்த் தூசியில் ஊறி ஊறி நம்மவர் நிறத்துக்கு வந்திருந்தார், தாடி மட்டும்தான் தெரிந்தது. மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் போட்டிருந்தேன்.

அதிகாரி படத்தையே பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபைலை மூடினார். "வாட் ஹேப்பன், ஆன்ட்டி?" என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் ஏன் மில்லில் இல்லை என்று கேட்கிறார் போலும் என நினைத்து, "டஸ்ட். லங்ஸ்" என்று நெஞ்சைத் தொட்டு, உங்கள் இருமலை ஒரு தடவை இருமிக் காட்டினேன். உடனே அவர் முகம் வாடிவிட்டது. சவேரியார் முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றார். சீனராயிருந்தும் நம் புனிதர்மேல் எவ்வளவு பக்தி என்று நான் நெகிழ்ந்துபோனேன். திரும்பி வந்து, "திஸ் மந்த் எண்ட் நோ நீட், ஏப்ரல் எண்ட். டேக் யுவர் டைம்" என்று தவணையை நீட்டித்துவிட்டு, ஒரு துண்டுப் பிரசுரத்தையும் என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்தோனியாருக்கு அன்றைக்கே மெழுகுதிரி ஏற்றினேன்.

பிரசுரம் இங்கிலீஷில் இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். முதலாளி ஒருவரால் சுத்தம் வராதாம். வேலைக்காரர்களையும், சரக்கு அனுப்புகிறவர்களையும் கூட்டி, எங்கெங்கே அழுக்கு பிறக்கிறது என்று யோசித்துப் பார்க்கவேண்டுமாம், இனிமேல் செய்யமாட்டோம் என்று தீர்மானிக்கவேண்டுமாம், செய்த கெடுதலைச் சரிசெய்யவேண்டுமாம், விழுந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டுமாம். படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம் ஞானோபதேசம் அல்லவா? ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, சாமியாரிடம் வாய்விட்டுச் சொல்கிற பாவசங்கீர்த்தனம், பரிகாரம். இதைத்தான் கோயிலில் புது நன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் சொல்லிக்கொடுக்கிறேன். அரசாங்கத்துக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

ஆகவே முதல் வெள்ளிக்கிழமை மில் சாத்தியதும், மெஷின் பார்க்கும் மாணிக்கத்தையும் மாவு சலிக்கும் கமலாவையும் உட்காரவைத்து, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, "இந்த வாரம் நீங்க செஞ்ச தூசிப் பாவத்த ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றேன்.

மாணிக்கம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, நாங்க முருகன்கிட்ட நேரா பேசிக்குவோம்லா. நடுவுல ஆள் வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல."

"முருகன் வந்து இந்த ஜன்னலத் தொடைப்பாராடா?"

"மில்லுன்னா தூசி இருக்கும்க்கா. தூசி வேணாம்னா ஐஸ்கிரீம்தான் விக்கணும்."

"முதலாளி இருமி இருமி நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நின்னத நீ பாக்கலியா?"

 அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, மாவு விழுகிற வாயில் கட்டவேண்டிய துணிக்குழாயைத் தான் கட்டுவதே இல்லை, கட்டினால் மெதுவாக விழும், டின் நிறைய நேரமாகும் என்று ஒத்துக்கொண்டான். உடனே கமலாவுக்கும் வீரம் வந்துவிட்டது. கூட்டுகிற தூசியை எல்லாம் பின்பக்கம், நமக்கும் நகைக்கடைத் தங்கராஜு பத்தருக்கும் பொதுவாக இருக்கிற திறந்த இடத்தில் தள்ளிவிடுவாளாம். "பத்தர் தும்முனா எனக்கு டீ டைம்னு தெரியும்க்கா, கடிகாரமே வேணாம்" என்றாள். ஏனடி இப்படிச் செய்கிறாய் என்றால், அவரிடம் அடகு வைத்த அவள் தோட்டில் ஒரு கல் குறைந்ததாம், அதிலிருந்து அவரைத் தும்மவைக்கிறாளாம். அது வேறே பாவம், வேறே இடத்தில் சொல்லிக்கொள் என்றேன்.

மறு வெள்ளி, மிளகாய் அனுப்புகிற நாகூர் கனி அண்ணனையும் வரச்சொன்னேன். அவர் வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "என்ன தங்கச்சி, பாக்கி ஏதும் இருக்கா?" என்றார். பாக்கியில்லை அண்ணே, உங்கள் மிளகாயில் தூசி எப்படி வருகிறது என்று யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மனுஷர் வெகுநேரம் யோசித்தார், தேத்தண்ணீர் ஆறிப்போயிற்று. கடைசியில், "தூசி எப்படி வருதுன்னு தெரியல தங்கச்சி. ஆனா நீ மனசத் தொட்டுக் கேட்டதால சொல்றேன், எடை நிக்கட்டும்னு மூட்டையில லேசாத் தண்ணி தெளிக்கிறது உண்டு. அல்லா மன்னிக்கணும். இனிமே தெளிக்க மாட்டேன்" என்று கண்கலங்கிப் போனார். மாணிக்கம் விசும்பினான், கமலா மூக்கைச் சிந்தினாள். ஒரு வியாபாரி மனந்திரும்பினதைக் கண்ணால் பார்த்தோமே என்று எனக்கும் ஆனந்தமாக இருந்தது. சொன்னபடியே அடுத்த வாரம் மிளகாய் காய்ந்து சருகாக, தொட்டால் நொறுங்குகிற மாதிரி வந்து சேர்ந்தது.

அங்கேதான் வந்தது கேடு. அந்தத் தண்ணீர்தான் இத்தனை வருஷமாகத் தூசியைப் பிடித்து வைத்திருந்தது என்று யாருக்குத் தெரியும்? மாணிக்கம் முதல் மூட்டையைக் கொட்டி மெஷினை ஓட்டியதும் மில்லுக்குள் செக்கச்செவேலென்று மேகம் எழும்பிற்று, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. நான் மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டே வாசலைத் தேடிப் போனேன். மேகம் பின்பக்கமாகப் போய்ப் பத்தர் பட்டறைக்குள் நுழைந்தது, அவர் அப்போது ஒரு தட்டில் தங்கப்பொடியை ஏந்திக்கொண்டு தராசுக்குப் போய்க்கொண்டிருந்தாராம், போட்டார் பாருங்கள் ஒரு தும்மல், அவ்வளவு தங்கமும் பட்டறை முழுக்கப் பறந்துவிட்டது. "என் பொழப்புல மண்ண அள்ளிப் போடுறாங்கன்னு கேட்டிருக்கேன், மொளகாப்பொடி போட்டத இப்பதான் பாக்குறேன்!" என்று அவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

பத்தர்கள் பட்டறையைக் கூட்டினால் குப்பையை வெளியே கொட்டமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். கூட்டி அள்ளி, நெருப்பில் போட்டு எரித்து, சாம்பலிலிருந்து தங்கத்தை எடுத்துக்கொள்வார்கள். இவரும் வழக்கம்போலக் கூட்டி அள்ளினார், அதில் பாதி நம் மிளகாய் என்பதை மறந்து, மூட்டி ஊதிவிட்டார். வறுத்த மிளகாய் நெடி எப்படியிருக்கும்! துணிக்கடைக்காரர் அளந்த துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார், பூக்கடைப் பெண் மாலையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், நின்ற பஸ் ஆளை ஏற்றாமலேயே கிளம்பிப் போயிற்று. பத்தரும் புகைக்குள்ளிருந்து ஊதுகுழலோடு வெளியே வந்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். நாம் செய்த தூசியைவிட ஆத்திரத்தில் அவர் செய்த புகை பெரிது என்பதால் யார்மேல் புகார் கொடுப்பதென்று தெருவுக்கே தெரியவில்லை. நான் ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஏம்மா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்னமோ கூட்டம் போடுறீங்களாமே, நானும் வரலாமா?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் காரியம் கைகூடிற்று. எல்லாரும் பத்தரைப் பார்த்துப் பாவப்பட்டுப்போய் உண்மையாக யோசித்தார்கள். வீட்டில் மிளகாய் வறுக்கும்போது துளி எண்ணெய் விடுவோமே, அதையே மூட்டைக்குச் செய்தால் என்ன என்று கேட்டது கமலா. நாகூர் கனி அண்ணன் தன் சரக்குக் கிட்டங்கியிலேயே மிளகாய்க்கு நல்லெண்ணெய் தடவி அனுப்புகிறேன் என்றார். எண்ணெய் எடையைக் கழித்துத்தான் கணக்கு என்று அவராகவே சொன்னார், அண்ணன் உண்மையாகவே மாறித்தான் போயிருக்கிறார். மிளகாய் அரைப்பது வியாழன் காலை மட்டும், பத்தர் சரக்கெடுக்க வெளியே போயிருக்கும் நேரத்தில் என்று முடிவாயிற்று. பதிலுக்குப் பத்தர் பின்பக்கம் தகரத் தடுப்பு அடித்துக் கொடுத்தார், கமலாவின் தோட்டுக்கு ஒரு கல்லும் வைத்துக் கொடுத்தார், நான் அதைக் கேட்கவே இல்லை. துணிக்குழாய்கள் என் பங்கு. கடையில் விற்கிற துணி எல்லாம் சல்லடையாக இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பழைய வேட்டிகளை வெட்டினேன். புதுசுகளைத் தொடவில்லை.

மில்லில் உட்கார்ந்து அந்த வேட்டிகளை வெட்டிக்கொண்டிருந்தபோது மிஸ்டர் லிம் மறுபடியும் வந்தார். உங்கள் நாற்காலிமேல் என் செபமாலை கிடந்தது, அதைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்து, "அங்கிள்'ஸ் ஆ?" என்றார். ஆமாம் என்றேன், இனி அவருக்கு இது வேண்டாம், மெஷினுக்குத்தான் என்றேன். "யூ மஸ்ட் பீ ஸ்ட்ராங், ஆன்ட்டி" என்றார். துணியைச் சொல்கிறார் என்று, "ஸ்ட்ராங்தான், இழுத்துப் பாருங்க" என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தவணையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

தூசி குறைகிறதா என்று பார்க்க என்னிடம் மெஷின் ஏது, சவேரியார்தான் இருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் படத்தைத் துடைத்து வைப்பேன். முதலில் எல்லாம் திங்கட்கிழமைக்குள் சிவந்துவிடுவார். எண்ணெய் தடவ ஆரம்பித்த பிறகு புதன் வரை தாங்கினார். போன வாரம் சனிக்குச் சனி, மாலைக்கு நடுவில் பளிச்சென்று, அங்கி மடிப்புகூடத் தெரிகிற மாதிரி அப்படியே இருந்தார். துடைத்த துணியை மாணிக்கத்திடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதலாளி எப்ப வர்றாருக்கா?" என்று மட்டும் கேட்டான். நேற்று குருத்து ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் வாடிக்கைக்காரி சந்திரமதி என்னை நிறுத்தி, "என்னக்கா, மில்ல மூடியாச்சா? நாலு நாளா அந்தப் பக்கம் போறேன், ஒரு தும்மல்கூட வரல" என்று விசாரித்தாள். இதைவிட நற்சான்று எனக்கு வேண்டாம்.

ஆகையால் நீங்கள் கவலையே படவேண்டாம். மில்லை எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். தூத்துக்குடிக் காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று ரோசம்மா எழுதியிருந்தாள். அங்கே டாக்டர் போதும் என்று சொல்லும்வரை, ஜூன் ஆனாலும் ஜூலை ஆனாலும் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, தனியாக இருப்பது பழகிவிட்டது, சமையலும் மிச்சம். உயிர்த்த ஆண்டவர் உங்கள் நெஞ்சில் நல்ல மூச்சைத் தந்து காப்பாராக. மாதாவின் கரம் உங்கள் தலைமேல் இருப்பதாக. ரோசம்மாவுக்கும் அவள் வீட்டாருக்கும் பாஸ்கு வாழ்த்து. மாணிக்கம், கமலா, கனி அண்ணன், பத்தர் எல்லாரும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள
அந்தோனியம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இன்று செவ்வாய்க்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மிஸ்டர் லிம் கடைசிச் சோதனைக்கு வந்தார். ஜன்னல் விளிம்பில் விரலால் தேய்த்துப் பார்த்தார், விரல் சுத்தம். சபாஷ் என்றார். பிறகு ஒரு வெள்ளைக் கவரை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, சவேரியார் பக்கம் திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார். "ஆன்ட்டி... யுவர் ஹஸ்பண்ட் ஆங் மோ ஆ?" வெள்ளைக்காரரா என்று கேட்கிறார்! அவர் என் ஹஸ்பண்ட் இல்லை, அவர் புனிதர், செத்து நானூறு வருஷத்துக்கு மேலே ஆகிறது என்றேன். அப்படியானால் அங்கிள் எப்போது செத்தார் என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. சாம்பல், வெள்ளைச் சேலை, கண்ணீர், வெட்டின வேட்டி எல்லாவற்றையும் சேர்த்து அவர் ஒன்றரை மாதத்துக்கு முன்பே உங்களை அடக்கம் பண்ணிவிட்டார், ஃபைலில் எழுதியும் விட்டார், வெள்ளைக் கவரில் துக்கப்பணமும் கொண்டுவந்திருந்தார். நான் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் லைசென்ஸ் கண்ணாடிக்குப் போய், இப்போது நன்றாகத் தெரிகிற பெயரைப் பார்த்து, அப்படியானால் இது யார், உங்கள் பிரதரா என்றார். மாணிக்கத்தைச் சொல்லச் சொன்னேன். சிரித்துச் சிரித்து மூட்டைமேல் சரிந்து கிடந்தவன், "நா முதலாளின்னுதான்க்கா கூப்பிடுவேன், பேர நீங்களே சொல்லுங்க" என்றான். பத்தரும் கமலாவும் வாசலில் வந்து நின்றார்கள்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். நான் சொல்லாததால்தான் நீங்கள் ஒன்றரை மாதம் செத்துக் கிடந்தீர்கள். எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சவரிராஜ். மை ஹஸ்பண்ட். அலைவ்" என்றேன்.

ஃபைலை மாற்றவேண்டுமானால் ஆளை உயிரோடு நேரில் காட்டவேண்டுமாம். அந்தக் கவரைத் திருப்பி நீட்டினேன், கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் உங்கள் உயிருக்கு ஆகாது என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். பிரித்துப் பார்க்கவில்லை, உங்கள் சாவுக்கு வந்த வரவைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்றும் தெரியவில்லை. ஆகையால் மேலே ஜூன், ஜூலை என்று நான் எழுதியதை அடித்துவிடவும். பழகிவிட்டது என்று எழுதியதையும் அடித்துவிடவும். சமையல் ஒன்றும் மிச்சமில்லை, இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன், கை கேட்கமாட்டேன் என்கிறது. நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். கிடைக்கிற விமானத்தில் ஏறி வாருங்கள், வந்து திட்டுங்கள். வாய்விட்டுச் சொன்ன பிறகு இனி என்ன, இந்தக் கடிதக் கவர்மேல் ரோசம்மா பெயரை எழுதப்போவதில்லை.